தாய்வீட்டுக்கு வரும் மீன்

நம் கொங்கு நாட்டில் ஒரு பெண் தலைப்பிள்ளை உண்டாகியிருந்தால், அவளைப் பெற்றவர்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போவார்கள். புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு எனப் பலவகைச் சோறு அதில் இருக்கும். விருந்து முடிந்ததும் மகளைத் தங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவார்கள். அக்காள் வீட்டுக்கு வந்துவிட்டால் அங்கே உரத்த பேச்சு இராது. அவள் வாய்க்கு எது பிடிக்குமோ அதுதான் அடுப்பில் வேகும். தம்பி தங்கைகள் சண்டையிட்டால், "அக்காள் படுத்திருக்கிறாள், தெரியவில்லையா?" என்று அம்மாவின் அதட்டல் விழும். இதைக் கண்டிராத மாணவி நம்மிடையே இருப்பது அரிது.

இந்த வழக்கத்தையே துணையாகக் கொண்டு, ஒரு மாபெரும் மீனினத்தைச் சாவிலிருந்து காத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நம் ஊரினர் அல்லர். குஜராத் மாநிலத்தில் சௌராஷ்டிரம் என்னும் தீபகற்பத்தின் கடற்கரையில் வாழும் மீனவர்கள். பஞ்சு வியாபாரத்தின் பொருட்டுப் பல தலைமுறைகளுக்கு முன்பே கோவைக்கு வந்து குடியேறிய குஜராத்திக் குடும்பங்களை நாம் அறிவோம். அவர்களுடைய சொந்த மாநிலத்தில் நடந்த செய்தி இது. கடலே இல்லாத ஊரில் இருந்துகொண்டு கடல்மீனைப் பற்றிப் படிப்பானேன் என்று சிலர் கேட்கலாம். சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மீனின் பெயர் திமிங்கிலச் சுறா. பெயரைக் கேட்டதும் பலருக்குக் குழப்பம் வரும். இது திமிங்கிலமா, சுறாவா? சுறாதான். அதாவது மீன்தான். உருவத்தில் பெரியது என்பதனால் திமிங்கிலம் என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டது. விவிலியத்தில் யோனாவை விழுங்கியது எது என்று மறைக்கல்வி வகுப்பில் கேட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேர் "திமிங்கிலம்" என்பார்கள். ஆனால் நூலில் இருப்பது "பெரிய மீன்" மட்டுமே. படம் வரைந்தவர்கள்தாம் அதைத் திமிங்கிலம் ஆக்கிவிட்டார்கள்.

திமிங்கிலம் நம்மைப் போல் நுரையீரலால் சுவாசிப்பது. மூச்சு வாங்க நீரின் மேலே வந்தாக வேண்டும். குட்டிக்குப் பால் கொடுக்கும். அதன் இரத்தம் வெப்பமானது. சுறாவோ செவுள்களால் சுவாசிக்கிறது. பால் கொடுப்பதில்லை. இரண்டையும் தொலைவிலிருந்தே பிரித்தறிய எளிய வழி வால்தான். திமிங்கிலத்தின் வால் படுக்கைவசமாக இருக்கும். மேலும் கீழுமாக அசையும். சுறாவின் வால் நெட்டுக்குத்தாக நிற்கும்; இடமும் வலமுமாக அசையும். தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் வாலை நினைத்துக்கொள்ளுங்கள்.

உலகில் இன்றுள்ள மீன்கள் எல்லாவற்றிலும் திமிங்கிலச் சுறாவே பெரியது. 12 மீட்டர் நீளம் வளரும். அதற்கு மேலும் வளர்ந்தவை உண்டு. காந்திபுரத்தில் நிற்கும் ஒரு டவுன் பஸ்ஸின் நீளம் என்று வைத்துக்கொள்ளலாம். எடையோ வளர்ந்த யானைகள் இரண்டு மூன்றைச் சேர்த்தாற்போல இருக்கும். இவ்வளவு பெரிய உடம்புக்கு உணவு என்ன தெரியுமா? கடல்நீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான நுண்ணுயிர்கள், மீன் முட்டைகள், சின்னஞ்சிறு மீன்கள். ஒரு மீட்டருக்கு மேல் அகன்ற வாயைத் திறந்துகொண்டு மெதுவாக நீந்தும். உள்ளே வரும் நீர் செவுள் வழியாக வெளியேறும். இரை மட்டும் சல்லடையில் தவிடு தங்குவதுபோல் தங்கிவிடும். வாயில் ஆயிரக்கணக்கான பற்கள் இருக்கின்றன, ஆனால் அவை அரிசிமணியளவே ஆனவை, கடிப்பதற்கு உதவுவதில்லை. மனிதரைத் தாக்கும் சுபாவம் இதற்கு இல்லை. கரும்பழுப்பு முதுகில் வெண்புள்ளிகளும் கோடுகளும் கோலப் புள்ளிகள் போல் பரவியிருக்கும்.

பெண் சுறா முட்டைகளைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துப் பொரித்துக் குட்டிகளாகவே ஈனும். 1995-ஆம் ஆண்டில் தைவான் நாட்டில் பிடிபட்ட ஒரு பெண் சுறாவின் வயிற்றில் ஏறக்குறைய 300 குட்டிகள் இருந்தன. அதுவரை இந்த மீன் முட்டையிடுமா, குட்டி போடுமா என்பதே விஞ்ஞானிகளுக்குத் திட்டமாகத் தெரியாது. ஒரு திமிங்கிலச் சுறா குட்டி போடும் பருவத்தை எட்டப் பல ஆண்டுகள், ஏறத்தாழ 25, 30 ஆண்டுகள்கூட ஆகலாம் என்கிறார்கள். ஆகையால் பெரிய மீன் ஒன்றைக் கொன்றால் அந்த இழப்பை ஈடுகட்ட ஒரு தலைமுறைக் காலம் தேவைப்படுகிறது. மத்தி மீனைப் போல ஆண்டுக்கு ஆண்டு பெருகும் இனம் அல்ல இது.

வெப்பமண்டலக் கடல்களில் நெடுந்தொலைவு பயணம் செய்யும் இம்மீன்கள் குளிர்காலத்திலும் அதை அடுத்து வரும் கோடையிலும் சௌராஷ்டிரக் கடலோரத்துக்கு வருகின்றன. வேராவல், மாங்ரோல், சூத்ராபாடா, தாம்லேஜ், போர்பந்தர் ஆகியவை அக்கரையில் உள்ள மீன்பிடி ஊர்கள். சோமநாதர் ஆலயம் வேராவலுக்குப் பக்கத்திலேயே உள்ளது. போர்பந்தர் காந்தியடிகள் பிறந்த ஊர்.

அவ்வூர் மீனவர்கள் அந்நாளில் இம்மீனை "பேரல்" என்றே அழைத்தார்கள். பேரல் என்றால் பீப்பாய். காரணம் கேட்டால் மனம் சங்கடப்படும். நீரின் மேற்பரப்பில் சாவதானமாக நீந்தும் மீனின் உடலில் பெரிய இரும்புக் கொக்கியைப் பாய்ச்சுவார்கள். கொக்கியில் கட்டிய கயிற்றின் மறுமுனையில் காலிப் பீப்பாய்கள் இருக்கும். மீன் ஆழத்துக்குப் போக முயலும், பீப்பாய்கள் விடமாட்டா. இழுத்து இழுத்துக் களைத்துப்போன பின் கரைக்குக் கட்டி இழுத்து வருவார்கள். ஈரலிலிருந்து எடுக்கும் எண்ணெயை மரப்படகுகளுக்குப் பூசுவார்கள். நீர் ஊறாமல் மரம் உழைக்கும். நெடுங்காலம் இந்த எண்ணெய்க்காக மட்டுமே இம்மீனைப் பிடித்தார்கள். 1990-க்குப் பின் அயல்நாடுகளில் இதன் இறைச்சிக்கும் துடுப்புக்கும் நல்ல விலை கிடைக்கத் தொடங்கியதும் வேட்டை பெருகியது. ஒரே பருவத்தில் நூற்றுக்கணக்கில் வெட்டினார்கள்.

இங்கே மீனவர்களைக் குற்றவாளிகளாக எண்ணிவிடக் கூடாது. கடன் வாங்கி விசைப்படகு வாங்கியவர், டீசலுக்கும் பனிக்கட்டிக்கும் பணம் கட்ட வேண்டியவர், எந்த மீனுக்கு விலை உண்டோ அந்த மீனைத்தான் பிடிப்பார். விலை வைத்தவர்கள் கடலுக்கு அப்பால் இருந்தார்கள்.

மைக் பாண்டே என்னும் படத்தயாரிப்பாளர் இந்த வேட்டையை நேரில் படமெடுத்து "ஷோர்ஸ் ஆஃப் சைலன்ஸ்" என்ற பெயரில் வெளியிட்டார். "பசுமை ஆஸ்கார்" என்று சொல்லப்படும் பாண்டா விருது 2000-ஆம் ஆண்டில் அப்படத்துக்குக் கிடைத்தது. 2001-இல் இந்திய அரசு திமிங்கிலச் சுறாவை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு ஒரு மீனுக்குக் கிடைத்தது நம் நாட்டில் அதுவே முதல் முறை. மறு ஆண்டில் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாடும் வந்தது.

சட்டம் வந்துவிட்டால் காரியம் முடிந்ததா? புது தில்லியில் அச்சிடப்பட்ட ஆணையை நடுக்கடலில் யார் படிப்பார்கள்? அந்த மீனைப் பிடிப்பது குற்றம் என்பதே கரையில் பலருக்குத் தெரியாதிருந்தது. தெரிந்தவர்களும் பிழைப்பை என்ன செய்வது என்று கேட்டார்கள். ஆகவே 2004-ஆம் ஆண்டில் இந்திய வனவிலங்கு அறக்கட்டளை, குஜராத் வனத்துறை, மிட்டாப்பூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் டாட்டா கெமிக்கல்ஸ் நிறுவனம் ஆகிய மூன்றும் சேர்ந்து ஓர் இயக்கம் தொடங்கின. அவர்கள் முதலில் போய் நின்ற இடம் காவல் நிலையம் அன்று; ஒரு கதாகாலட்சேபக்காரரின் வாசல்.

மொராரி பாபு என்பவர் குஜராத்தில் இராமாயணக் கதை சொல்பவர். அவர் கதை சொல்ல உட்கார்ந்தால் ஊரே திரண்டுவிடும். அவர் மீனவர்களிடம் சட்டப் பிரிவு எதையும் சொல்லவில்லை. இந்த மீன் நம் கரைக்கு வருவது பிள்ளை பெறுவதற்காக. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகளை எந்தத் தகப்பனாவது கொல்வானா என்ற கருத்தை மட்டும் எடுத்துச் சொன்னார். நம்மைப் போலவே அவர்களுக்கும் மகள் பிரசவத்துக்குப் பிறந்த வீடு வருவது நெடுநாள் வழக்கம். சொன்னது நேராக நெஞ்சில் போய்த் தைத்தது.

பெயரும் மாறியது. பேரல் என்ற சொல்லை விட்டு "வஹாலி" என்று அழைக்கத் தொடங்கினார்கள். இராமாயணக் கதைக்காரர் வைத்த பெயராயிற்றே என்று கிஷ்கிந்தையின் வாலியை நினைத்துவிட வேண்டாம். குஜராத்தி மொழியில் வஹாலி என்றால் செல்லமானவள், அன்புக்குரியவள் என்று பொருள். நம் ஊரில் பெண்பிள்ளையை "அம்மிணி" என்றும் "கண்ணு" என்றும் கூப்பிடுகிறோமே, அந்தக் குரலில் வைத்துப் பாருங்கள். பீப்பாய் என்று அழைக்கப்படும் ஒன்றின்மேல் கொக்கியை வீசுவது எளிது. அம்மிணி என்று அழைத்துவிட்டுக் கொக்கியை எடுப்பது அத்தனை எளிதன்று.

ஊர் ஊராக ஒரு நாடகமும் போடப்பட்டது. அதில் ஒரு மீனவர் திமிங்கிலச் சுறா வேட்டைக்குப் புறப்படுகிறார். அந்த நேரத்தில் அவருடைய மகள் நிறைசூலியாகப் பிறந்த வீட்டுக்கு வந்து சேருகிறாள். பிறகு என்ன நடக்கும் என்பது பார்ப்பவர்களுக்குத் தானே புரியும். கூடவே காற்றடைத்த திமிங்கிலச் சுறா உருவம் ஒன்றையும், உண்மையான மீனின் அளவிலேயே செய்து, ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். குழந்தைகள் சும்மா இருப்பார்களா? பின்னாலேயே ஓடினார்கள். வீட்டில் தகப்பனாரிடம் கேள்வி கேட்டவர்களும் அவர்களே. போர்பந்தர் நகரம் வஹாலியைத் தன் நகரச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. பின்னர்க் கடலில்லாத அகமதாபாத்தும் ஏற்றுக்கொண்டது. இதைக் கடலில்லாத கோவையில் இருந்து எழுதும்போது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

குஜராத்திப் பஞ்சாங்கப்படி கார்த்திக மாத அமாவாசையைத் திமிங்கிலச் சுறா நாளாக அம்மாநில வனத்துறை அறிவித்தது. தீபாவளிக்கு அடுத்து வரும் அமாவாசை அது. மீன் கரைக்கு வரும் பருவத்தின் தொடக்கம். பள்ளிப் பிள்ளைகளின் ஊர்வலம், ஓவியப் போட்டி, நாடகம், வலையறுத்து மீனை விடுவித்த மீனவர்களுக்குப் பாராட்டு என அந்நாள் கழியும். கடலைக் கொண்டாடுவது அவர்களுக்குப் புதிதன்று. ஆவணி அவிட்டத்தை ஒட்டி வரும் முழுநிலா நாளை "நாரியேலி பூர்ணிமா" என்பார்கள். அன்று கடலுக்குத் தேங்காய் படைத்த பின்னரே மழைக்காலத்துக்குப் பின் படகை நீரில் இறக்குவது மரபு. பழைய விழாவோடு புதிய விழா ஒன்றும் சேர்ந்துகொண்டது.

விழா ஒரு நாள். மற்ற நாட்களில் என்ன நடக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இப்போது யாரும் கொக்கி எடுத்துப் போவதில்லை. ஆனால் வேறு மீனுக்கு விரித்த வலையில் திமிங்கிலச் சுறா தானாகவே வந்து மாட்டிக்கொள்ளும். அதை உயிருடன் விட ஒரே வழி வலையை அறுப்பதுதான். வலை என்பது மீனவருக்கு நம் வீட்டுத் தறியைப் போல, உழவருக்கு ஏரைப் போல. அறுத்தால் பல ஆயிரம் ரூபாய் நட்டம். புது வலை வரும்வரை தொழிலும் நட்டம். மகள் என்று சொல்லிவிட்டால் மட்டும் அடுப்பு எரியாது அல்லவா? ஆகவே அறுத்த வலைக்கு வனத்துறை ஈட்டுத்தொகை கொடுக்க ஏற்பாடு செய்தது. தொடக்கத்தில் அதிகாரிகள் படகேறி வந்து நேரில் பார்த்தாக வேண்டும் என்ற விதி இருந்தது. அவர்கள் வந்து சேர்வதற்குள் மணிக்கணக்கில் மீன் வலையிலேயே கிடக்கும். பிறகு மீனவர்களிடமே கேமராவைக் கொடுத்து, அறுத்து விடுவதைப் படமெடுத்துக் காட்டினால் போதும் என்று மாற்றினார்கள். அவர்கள் சொல்லை நம்பியதால் மீனும் பிழைத்தது, நேரமும் மிஞ்சியது. இவ்வாறு 700-க்கும் மேற்பட்ட திமிங்கிலச் சுறாக்கள் குஜராத் கடலில் விடுவிக்கப்பட்டிருக்கின்றன. முன்னாளில் கொக்கி வீசியவர்களே பின்னாளில் கத்தியெடுத்துத் தம் வலையை அறுத்தார்கள்.

பெண்கள் பள்ளி மலரில் எழுதுவதால் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மகள் என்ற ஒரு சொல்லால் ஒரு மீனைக் காத்த அதே மாநிலத்தில், 2001-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆறு வயது வரையுள்ள ஆண்குழந்தைகள் 1000 பேருக்குப் பெண்குழந்தைகள் 883 பேரே இருந்தனர். அவர்களைச் சுட்டும் விரல் நம் பக்கமும் திரும்பும். நம் கொங்குப் பகுதியை ஒட்டிய சேலத்தில்தான் 1992-இல் பெண்சிசுக்களைக் காக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்தது. கடலில் வரும் மகளுக்கு ஊர்வலம். வயிற்றில் வரும் மகளுக்கு? இதை வீட்டில் பெரியவர்களோடு பேசிப் பாருங்கள்.

இன்னொரு கேள்வி அறிவியல் மாணவியருக்கு. திமிங்கிலச் சுறா உண்மையிலேயே குஜராத் கரையில்தான் குட்டி போடுகிறதா? அது குட்டி ஈனுவதை எந்தக் கடலிலும் யாரும் கண்ணால் கண்டதில்லை. இரை மிகுதியாகக் கிடைப்பதும் அது அங்கே வருவதற்கு ஒரு காரணம். 2011 முதல் சில மீன்களின் உடலில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி அவை போகுமிடம் ஆராயப்படுகிறது. ஆகவே கதை சொன்னவர் சொன்னது முற்றிலும் நிறுவப்பட்ட உண்மை என்று விடைத்தாளில் எழுதிவிடாதீர்கள். கதை மனத்தை மாற்றியது. ஆராய்ச்சி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. இரண்டுக்கும் அதனதன் இடம் உண்டு.

கடல் உயிர்களைக் குடும்பத்தினராக எண்ணுவது குஜராத்தில் மட்டும் உள்ள வழக்கமன்று. வியட்நாம் நாட்டு மீனவர்கள் திமிங்கிலத்தைப் பெரியவர் என்று மரியாதையாக அழைத்து, கரையொதுங்கி இறந்ததற்கு ஈமச்சடங்கு செய்து, எலும்புகளைக் கோயிலில் வைத்து ஆண்டுதோறும் விழா எடுக்கிறார்கள். நம் தமிழ்க் கரையில் விழா இல்லை. ஆனால் 2016-ஆம் ஆண்டு ஜனவரி 11-ஆம் நாள் மாலை, திருச்செந்தூருக்கு அடுத்த மணப்பாட்டுக் கடற்கரையில் நடந்ததை மறக்க முடியாது. திருச்சிலுவை ஆலயத்தாலும் புனித சவேரியாரின் நினைவாலும் நமக்குப் பழக்கமான ஊர் அது. 80-க்கும் மேற்பட்ட சிறுதிமிங்கிலங்கள் கூட்டமாகக் கரையேறின. இவை மெய்யான பாலூட்டிகள். கூட்டத்தை விட்டுப் பிரியாத இயல்புடையவை. மீனவர்கள் நீரில் இறங்கி அவற்றைத் தள்ளினார்கள். படகில் கட்டி ஆழத்துக்கு இழுத்துப் போய் விட்டார்கள். விட்டவை பல மீண்டும் கூட்டத்தைத் தேடிக் கரைக்கே திரும்பின. பாதியளவு மாண்டன. 1973 ஜனவரியிலும் தூத்துக்குடிக் கரையில் 147 திமிங்கிலங்கள் இவ்வாறே ஒதுங்கின. அன்றிரவு கடலில் நின்றவர்களுக்கு எந்த ஈட்டுத்தொகையும் எதிர்பார்ப்பில் இல்லை.

இனி, கடலில்லாத ஊரின் கேள்விக்கு வருகிறேன். ஈரோட்டை அடுத்த வெள்ளோட்டில் ஒரு பெரிய குளம் இருக்கிறது. மழைக்காலத்தில் தொலைநாட்டுப் பறவைகள் அங்கே வந்து தங்கும். அதே காலத்தில் தீபாவளியும் வரும். சுற்றுவட்டாரக் கிராமத்தார் பறவைகள் மிரளும் என்று வேட்டு வெடிப்பதில்லை. குழந்தைகளுக்குப் புத்தாடையும் பலகாரமும் மத்தாப்பும் உண்டு. வெடி மட்டும் இல்லை. 2022-ஆம் ஆண்டில் வெள்ளோடு பறவைகள் சரணாலயம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. வெடி கேட்டு அழும் ஐந்து வயதுப் பையனுக்கு ஒரு தாய் குளத்தைக் காட்டி என்ன சொல்லிச் சமாதானம் செய்வாள் என்று எனக்கு அறிய ஆசை. அந்தப் பக்கத்திலிருந்து வரும் மாணவி யாராவது இருந்தால் அடுத்த மலருக்கு எழுதலாம்.

திமிங்கிலச் சுறாவின் முதுகுப் புள்ளிகளைப் பற்றி ஒரு செய்தி சொல்ல விட்டுப்போயிற்று. ஒரு மீனின் புள்ளிக்கோலம் போல் மற்றொன்றுக்கு இராது, நம் கைரேகையைப் போல. விண்மீன் கூட்டங்களின் படங்களை ஒப்பிட வானவியலார் வகுத்த கணக்கு முறையைக் கொண்டே இப்புள்ளிகளையும் கணிப்பொறியில் ஒப்பிடுகிறார்கள். செவுளுக்குச் சற்றுப் பின்னால், பக்கவாட்டில் தெரியும் பகுதியைத் தெளிவாகப் படமெடுத்தால் போதும். முன்பு ஒரு முறை வந்துபோனவள்தான் இவள் என்பதை அந்தப் படத்தைக் கொண்டு கண்டுபிடித்துவிடலாம்.